உணவு இறங்க மறுக்கும்போது: உணவுப்பாதைக் கட்டிகளும் புற்றுநோய்களும்

முக்கூடல், பாப்பாக்குடி, இடைகால், வீரவநல்லூர் வட்டாரங்களிலிருந்து எங்கள் இரைப்பை குடல் பிரிவுக்கு வருவோர் முதலில் சொல்லும் சொல் பெரும்பாலும் ‘கேஸ்’ அல்லது ‘அல்சர்’ என்பதாகவே இருக்கும். பலருக்கு அது சரியும்கூட. நெஞ்செரிச்சல், உப்புசம், புளித்த ஏப்பம் என்று வருவோரில் மிகப் பெரும்பாலோருக்கு மருந்தாலும் உணவு ஒழுங்காலும் குணமாகிவிடுகிறது. ஆனால் மிகச் சிலருக்கு அந்தச் சொல்லின் மறைவில் கட்டி ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சிலரை உரிய காலத்தில் கண்டறிவதற்கு மருத்துவரைக் காட்டிலும் நோயாளியும் அவருடன் ஒரே வீட்டில் உண்டு வாழும் குடும்பத்தாருமே அதிகம் உதவ முடியும். அதற்கு அவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

உணவுப்பாதையின் அமைப்பு

வாயில் தொடங்கி மலவாயில் முடியும் நீண்ட தசைக்குழாயே உணவுப்பாதை. தொண்டைக்குக் கீழே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் நெஞ்சுக்கூட்டின் வழியாக இறங்குகிறது. அடுத்து இரைப்பை. அதற்கடுத்துச் சுருண்டு கிடக்கும் சிறுகுடல். பின்னர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல், அதன் இறுதிப் பகுதியாகிய மலக்குடல்.

இந்தக் குழாயின் சுவர் அடுக்கடுக்கானது. உட்புறத்தில் ஈரமான மென்சவ்வு, அதன்கீழ் இரத்த நாளங்களும் நிணநீர் நாளங்களும் ஓடும் அடுக்கு, அதற்கு வெளியே தசை அடுக்கு, எல்லாவற்றுக்கும் வெளியே ஓர் உறை. பெரும்பாலான புற்றுநோய்கள் உட்புற மென்சவ்வில்தான் தோன்றுகின்றன. அங்கேயே நிற்கும்வரை அவை வலிப்பதில்லை, அடைப்பதும் இல்லை. சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிநோக்கிச் செல்லும்போது நிணநீர்க் கணுக்களையும், பின்னர்க் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளையும் அடைகின்றன. நோய் எந்த அடுக்குவரை சென்றுள்ளது என்பதே சிகிச்சையையும் அதன் பலனையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல

பரிசோதனை அறிக்கையில் ‘கட்டி’ என்ற சொல்லைக் கண்டதும் குடும்பமே நிலைகுலைந்து போவதுண்டு. அந்தச் சொல் பல நோய்களைக் குறிக்கக்கூடியது.

பெருங்குடலின் உட்சுவரில் காளான்போல் முளைக்கும் பாலிப் என்னும் சிறு வளர்ச்சிகள் தொடக்கத்தில் தீங்கற்றவை. அவற்றுள் சில வகைகள் மட்டும், பெரும்பாலும் பத்தாண்டு அளவிலான காலத்தில், புற்றாக மாறுகின்றன. அதற்குமுன் கொலோனோஸ்கோப்பி என்னும் குழாய்ப் பரிசோதனையின்போதே அவற்றை அறுத்து எடுத்துவிட்டால், வரவிருந்த புற்றுநோய் வராமலே தடுக்கப்படுகிறது.

இரைப்பைச் சுவரின் ஆழ்ந்த அடுக்கில் தோன்றும் ஜிஸ்ட் என்னும் கட்டி வேறு இனத்தைச் சேர்ந்தது. அதற்கு அறுவையே முதன்மைச் சிகிச்சை. பரவியிருந்தாலும் இமாடினிப் என்னும் மாத்திரையால் பலரிடம் ஆண்டுக்கணக்கில் அதைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது. இரைப்பையில் வரும் ஒருவகை நிணத்திசுப் புற்று, அங்குள்ள கிருமியை ஒழித்தாலே பலரிடம் சுருங்கி மறைகிறது.

நம் நாட்டுக்குரிய இன்னொரு செய்தியும் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் காசநோய் தாக்கினால், ஸ்கேன் படத்தில் அது புற்றுக்கட்டியைப் போலவே தோன்றக்கூடும். எடை குறைதல், வயிற்றுவலி, இரத்தச்சோகை ஆகிய அறிகுறிகளும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால் குடல் காசநோய் பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாகக்கூடியது. அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் படத்தை மட்டும் பார்த்துப் பிரித்தறிய இயலாது. கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பயாப்சி முடிவு வரும்வரை அது இன்ன நோய் என்று எவரும் உறுதியாகக் கூற முடியாது. நீங்களாகவும் முடிவுகட்ட வேண்டாம்.

காரணங்கள்: நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

பீடித் தொழிலோடு இணைந்த ஊர் முக்கூடல். மடியில் சொளகை வைத்து, இலையைக் கத்தரித்து, தூள் இட்டுச் சுற்றி, நூல் கட்டும் வேலை இங்குப் பல வீடுகளில் பெண்களின் அன்றாடம். ஆகவே பீடியைப் பற்றி இந்த இதழில் ஒளிவுமறைவின்றி எழுத வேண்டியிருக்கிறது.

பீடியில் சிகரெட்டைவிடப் புகையிலைத் தூள் குறைவு. அதனால் தீங்கும் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். இந்நம்பிக்கை தவறானது. பீடி இலை எளிதில் அணைந்துவிடும் தன்மையுடையது. அணையாமல் காக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. எனவே புகைப்பவர் உடலில் சேரும் தார், நிக்கோட்டின் முதலியவற்றின் அளவு சிகரெட்டுக்கு ஈடாகவோ கூடுதலாகவோ அமைகிறது. பீடிப்புகை புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் தெளிவாகக் கூறியுள்ளது. வாய், தொண்டை, குரல்வளை, நுரையீரல் ஆகியவற்றோடு உணவுக்குழாயும் இரைப்பையும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

பீடி சுற்றும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “புகைக்காமல் சுற்றுவதாலேயே எங்களுக்கு வயிற்றில் புற்றுநோய் வருமா?” புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் சேர்வதால் இருமல், மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், தோல் அரிப்பு ஆகியவை வருவதை நாம் காண்கிறோம். ஆனால் சுற்றுவது மட்டுமே உணவுப்பாதைப் புற்றுக்குக் காரணமாகும் என்று கூறும் அளவுக்குச் சான்று இல்லை. இத்தொழில் செய்வோரில் சிலருக்கு, கையருகே இருக்கும் தூளை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் ஐயமற்ற காரணம். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும்கூட இவ்விரண்டுக்கும் காரணமென அதே முகமை வகைப்படுத்தியுள்ளது. வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் அமருங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவியபின் உண்ணுங்கள். தூளை ஒருபோதும் வாயில் இடாதீர்கள்.

மது மற்றொரு காரணம். உணவுக்குழாய், பெருங்குடல், கல்லீரல் ஆகிய மூன்றிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. புகையும் மதுவும் ஒருவரிடமே சேரும்போது, உணவுக்குழாய்ப் புற்றின் ஆபத்து தனித்தனிப் பழக்கத்தால் வருவதைவிடப் பன்மடங்கு உயர்கிறது.

இரைப்பைப் புற்றுக்கு முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அமிலம் சுரக்கும் இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள் 1982-இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறுவயதில் குடும்பத்துக்குள்ளேயே தொற்றும் இக்கிருமி பலருடைய இரைப்பையில் இருந்தாலும், ஒரு சிறு பகுதியினருக்கே புற்றில் முடிகிறது. இதற்கென மருத்துவர் தரும் மருந்துகளைச் சொன்ன நாட்கள் முழுவதும், பெரும்பாலும் 14 நாட்கள், உட்கொள்ள வேண்டும். வலி நின்றதும் நான்காம் நாளில் நிறுத்திவிட்டால் கிருமி ஒழியாது. அடுத்த முறை அதே மருந்துக்கு அது கட்டுப்படாமலும் போகலாம்.

உணவைப் பொறுத்தவரை, அதிக உப்பிட்ட ஊறுகாயும் கருவாடும் அன்றாட உணவாவது இரைப்பைக்கு நல்லதன்று. கொதிக்கக் கொதிக்க அருந்தும் காப்பியும் தேநீரும் உணவுக்குழாய்க்கு ஆகாதவை. 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என 2016-இல் அறிவிக்கப்பட்டது. ஆற்றிக் குடித்தாலே போதுமானது. பெருங்குடல் புற்றைப் பொறுத்தவரை உடற்பருமன், உடலுழைப்பின்மை, நார்ச்சத்துக் குறைவு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர்க்குப் பெருங்குடல் புற்று வந்திருந்தால், நீங்கள் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னதாக, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பி செய்துகொள்வது நல்லது.

எந்தப் பழக்கமும் இல்லாதவர்க்கும் இந்நோய் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நோயாளியைப் பார்த்து ‘நீ செய்த வினை’ என்று பேசுவதால் எவருக்கும் பயனில்லை.

உடல் தரும் அறிகுறிகள்

உணவுக்குழாய் விரிந்துகொடுக்கும் தன்மையுடையது. ஆகவே கட்டி அதன் உள்வழியைப் பெருமளவு குறுக்கிய பின்னரே விழுங்குவதில் தடை தெரிகிறது. முதலில் புரோட்டாவும் இறைச்சியும் நெஞ்சில் நின்று இறங்கும். பின்னர்ச் சோறு. பின்னர் இட்லி. கடைசியில் தண்ணீரும் தடைப்படும். இந்த வரிசை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஒரே திசையில் முன்னேறுவது புற்றுநோயின் இயல்பு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதர்கள் தம்மையறியாமலே இத்தடைக்குப் பழகிக்கொள்கிறார்கள். சோற்றைக் குழையப் பிசைகிறார்கள்; வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கிறார்கள்; ‘வயதாகிவிட்டது, கஞ்சியே போதும்’ என்கிறார்கள். “விழுங்கச் சிரமம் உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்றே பதில் வரும். பந்தியில் எல்லாரும் எழுந்தபின்னும் ஒருவர் இலைமுன் அமர்ந்திருப்பதையும், மூன்று மாதமாக அவர் கறித்துண்டைத் தொடாததையும், சட்டை தளர்ந்து தொங்குவதையும் உடனிருப்பவர்தான் கவனிக்க முடியும். சோறு பரிமாறுபவரின் கண்ணுக்கு இந்நோய் மருத்துவரின் கண்ணுக்கு முன்பே தென்படுகிறது.

இரைப்பைப் புற்றில் சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், பசியின்மை, காரணமற்ற எடைக்குறைவு, உண்டது பலமணி நேரம் கழித்து அப்படியே வாந்தியாதல், இரத்த வாந்தி ஆகியவை தோன்றலாம். இரைப்பையில் கசியும் இரத்தம் குடல்வழியே இறங்கும்போது மலம் தார்போல் கருத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் வெளியேறும். இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கருக்கும்; ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இரா. ஐயமிருந்தால் பரிசோதித்துவிடலாம்.

பெருங்குடலில், அதிலும் வலப்பக்கத்தில், வளரும் கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் இரத்தத்தைக் கசியவிடும். நோயாளிக்குத் தெரிவது சோர்வும் மூச்சிரைப்பும் மட்டுமே. ஐம்பதைக் கடந்த ஆணுக்கோ மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை வந்தால், மாத்திரையோடு நிறுத்தாமல், இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றும் பெண்ணின் சோர்வுக்கு ‘வேலை அலுப்பு’ என்ற விளக்கம் எப்போதும் தயாராக இருக்கிறது. ஒருமுறை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட்டு அந்த விளக்கத்தை ஏற்பதே முறை.

இடப்பக்கப் பெருங்குடலிலும் மலக்குடலிலும் கட்டி இருந்தால், நெடுங்கால வழக்கத்துக்கு மாறாக மலச்சிக்கலோ பேதியோ தொடர்தல், மலம் மெலிந்து வருதல், கழித்த பின்னும் முழுதும் கழியாத உணர்வு, மலத்தோடு இரத்தமும் சளியும் வருதல் ஆகியவை தோன்றும்.

தாமதம் எங்கே நேர்கிறது?

முதல் தாமதம் மருந்துக்கடையில் நேர்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நல்ல மருந்துகளே. ஆயினும் இரைப்பையிலுள்ள புற்றுப்புண்ணைக்கூட அவை சில வாரங்களுக்கு ஆற்றியதுபோல் காட்டக்கூடும். வலி தணிந்ததும் நோய் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். மருத்துவர் ஆலோசனையின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் அம்மாத்திரைகளைத் தொடர வேண்டாம்.

இரண்டாம் தாமதம் ‘மூலம்’ என்ற சொல்லால் நேர்கிறது. மலத்தில் இரத்தம் வந்தால் அது மூலம்தான் என்று நாமே முடிவுசெய்து, களிம்பும் சூரணமும் வாங்கி மாதங்களைக் கழிக்கிறோம். மூலம் மிகப் பரவலான நோய் என்பது உண்மை. மூலம் உள்ளவருக்கும் மலக்குடலில் கட்டி இருக்கலாம் என்பதும் உண்மை. மருத்துவர் கையுறை அணிந்து விரலால் ஒருமுறை பரிசோதித்தாலே மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பலவற்றை உணர்ந்துவிடலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத இச்சோதனையைக் கூச்சத்தால் மறுக்கிறார்கள். பெண்கள் விரும்பினால் பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்கக் கேட்கலாம். அது உங்கள் உரிமை. இளவயதினர் என்பதாலும் அலட்சியம் கூடாது. நம் நாட்டில் நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடமும் மலக்குடல் புற்றைக் காண்கிறோம்.

மூன்றாம் தாமதம் அன்றாடக் கூலியால் நேர்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வீட்டில் ஒருநாள் மருத்துவமனைக்கு வருவது ஒருநாள் வருமான இழப்பு. ‘கொடை கழியட்டும்’, ‘பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போகும் நாட்களில் கட்டி அடுத்த அடுக்கைக் கடந்துவிடலாம். இந்த இழப்பை நான் சிறிதென்று கருதவில்லை. ஆனால் தொடக்கநிலையில் கண்ட நோய்க்கு ஆகும் நாட்களும் செலவும், முற்றிய நோய்க்கு ஆவதைவிட மிகக் குறைவு.

எண்டோஸ்கோப்பி: அச்சமும் உண்மையும்

உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கச் செய்யும் எண்டோஸ்கோப்பிக்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணிநேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். தொண்டை மரக்க மருந்து தெளித்து, விரல் பருமனே உள்ள வளையும் குழாயை வாய்வழியே செலுத்துகிறோம். அதன் முனையிலுள்ள கேமரா உட்சுவரைத் திரையில் காட்டுகிறது. குமட்டல் இருக்கும், மூச்சு அடைக்காது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். பெருங்குடலுக்கான கொலோனோஸ்கோப்பிக்கு முதல்நாளே பேதிமருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்போரும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்போரும் அதை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

‘துணுக்கு எடுத்தால் நோய் பரவிவிடும்’, ‘கத்தி பட்டால் புற்று பெருகும்’ என்ற அச்சம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. குழாய்வழியே எடுக்கும் பயாப்சியால் நோய் பரவுவதில்லை. முற்றிய நிலையில் வந்து, பரிசோதனை நடந்த சில மாதங்களில் இறந்தவர்களைக் கண்டே இந்த எண்ணம் பிறந்திருக்க வேண்டும். அவர்களது உயிரைக் கொண்டுபோனது பரிசோதனைக்கு முன்பே பரவியிருந்த நோய்தான்.

சிகிச்சை முறைகள்

பயாப்சியில் புற்று உறுதியானால், சி.டி. ஸ்கேன் முதலியவற்றால் நோய் எதுவரை சென்றுள்ளது என்று அளவிடுகிறோம். மேல் அடுக்கோடு நிற்கும் சிறு புற்றுகளை வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி மூலமே அகற்ற முடியும். இரைப்பைப் புற்று மிகுந்த ஜப்பானில் முறையான கண்டறியும் திட்டங்களால் பெரும்பகுதி நோய் தொடக்கநிலையிலேயே பிடிபடுகிறது. இம்முறை அங்கேதான் செம்மையுற்றது. நம் நோயாளிகளில் பலர் அந்தக் கட்டத்தைக் கடந்தபின்பே வருகிறார்கள்.

அதற்கடுத்த நிலைகளில் அறுவை முதன்மையானது. இரைப்பைப் புற்றை அறுத்தெடுத்து வெற்றிகண்ட முதல் அறுவையை 1881-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் செய்தார். இன்று பல நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்போ பின்போ கீமோதெரபியும், உணவுக்குழாய், மலக்குடல் புற்றுகளுக்குக் கதிர்வீச்சும் சேர்த்துத் தரப்படுகின்றன. “ஏன் உடனே அறுக்கவில்லை?” என்று உறவினர்கள் கவலைப்படுவதுண்டு. முதலில் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அகற்றினால், முழுதாக அகற்றும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே காரணம். இடையில் கிடைக்கும் நிவாரணத்தை நம்பிப் பாதியில் நின்றுவிடக் கூடாது. கீமோதெரபி காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

நோய் பரவிவிட்ட நிலையிலும் செய்வதற்கு நிறையவே உண்டு. அடைபட்ட உணவுக்குழாயில் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயைப் பொருத்தினால் நோயாளி மீண்டும் வாயால் உண்ண முடியும். வலிக்கு மார்ஃபின் உள்ளிட்ட மருந்துகள் உள்ளன. மருத்துவர் சொன்ன அளவில் புற்றுவலிக்கு மார்ஃபின் உட்கொள்வோர் அதற்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற அச்சம் தேவையற்றது. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பது எவருக்கும் கடமையன்று.

வீட்டிலே பராமரிப்பு

விழுங்க இயலாதவர் நோயால் இளைப்பதோடு பட்டினியாலும் இளைக்கிறார். எடை குறையக் குறையச் சிகிச்சையைத் தாங்கும் வலிமையும் குறைகிறது. வெறும் கஞ்சித்தண்ணீரில் சத்து மிகக் குறைவு. பாலோ மோரோ சேர்த்த கேழ்வரகுக் கூழ், நன்கு வெந்து மசித்த பருப்பு, முட்டை, வேர்க்கடலையை அரைத்துச் சேர்த்த சத்துமாவுக் கஞ்சி, சிறிது எண்ணெய் அல்லது நெய் என்று ஒவ்வொரு குவளையிலும் சத்தைக் கூட்டித் தாருங்கள். ‘புற்றுநோய்க்குச் சர்க்கரை ஆகாது, பால் ஆகாது’ என்று பத்தியம் போட்டுப் பட்டினியை வளர்க்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மட்டும் தனியே அளவு சொல்லப்படும். வயிற்றின்மீது குழாய் பொருத்தி அதன்வழி உணவு தரச் சொன்னால், அதை இறுதிக்கட்டத்தின் அடையாளமாக எண்ண வேண்டாம். சிகிச்சைக்கு உடலைத் தயார்செய்யும் வழி அது.

இரைப்பையை அகற்றியவர்கள் ஒரே வேளையில் வயிறார உண்ண இயலாது. ஆறு முதல் எட்டுச் சிறு வேளைகளாக, மெல்ல மென்று உண்ண வேண்டும். இனிப்பு மிகுந்தவற்றை உண்டதும் படபடப்பும் வியர்வையும் வந்தால் அஞ்ச வேண்டாம். இனிப்பைக் குறைத்து, உணவோடு தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தால் தணியும். முழு இரைப்பையும் எடுக்கப்பட்டவர்க்கு வைட்டமின் பி12 ஊசி வாழ்நாள் முழுதும் தேவை. மலக்குடல் அறுவைக்குப்பின் வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டவர்கள் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், கோயிலுக்கும் திருமணத்துக்கும் செல்லலாம். முதல் மாதம் பையை மாற்றக் குடும்பத்தில் ஒருவர் முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டால், நோயாளி தாமே அதைப் பழகிவிடுகிறார்.

நோயாளியிடம் சொல்லலாமா?

“அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்று வாசலிலேயே மகனோ மகளோ என்னைத் தடுத்து நிறுத்துவது வாரந்தோறும் நிகழ்வது. அது அன்பினால் வரும் வேண்டுகோள் என்பதை அறிவேன். ஆயினும் கதிர்வீச்சு அறையின் பெயர்ப்பலகையையும், முடி உதிர்வதையும், வீட்டில் திடீரென்று தாழ்ந்துவிட்ட குரல்களையும் நோயாளி காண்கிறார். அவருக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. பேச ஆளில்லாமல் அச்சத்தைத் தனியே சுமக்கிறார். சிகிச்சைக்கு ஒப்புதல் தரவும், நிலம், பணம், பிள்ளைகள் குறித்த முடிவுகளை எடுக்கவும், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அவருக்கு உண்மை தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று அவரையே கேட்டு, அவர் விரும்பும் அளவில், குடும்பத்தார் உடனிருக்க, நாங்கள் சொல்கிறோம். இதுவரை நான் கண்டவர்களில் பெரும்பாலோர் உண்மையை நாம் எண்ணியதைவிடத் திடமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

சிகிச்சை இடங்களும் உதவிகளும்

நம் பகுதியினர்க்கு அருகிலுள்ள பெரிய அரசு மையம் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையமும், தென்மாவட்டத்தார் பலர் நாடிச்செல்லும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் நீண்ட அனுபவம் உடையவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்களுக்கு ஓராண்டில் ₹5 லட்சம் வரை காப்பீடு உண்டு. புற்று அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை பெற்றவர்க்கும் அவரைச் சார்ந்தோர்க்கும், 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தின்கீழ் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவைத் திரும்பப்பெற வழியுண்டு. முக்கூடலிலுள்ள மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் அதற்கான நடைமுறையைக் கேட்டறியலாம். ரசீதுகளையும் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வலி தணிப்புச் சேவை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள்.

எப்போது வர வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் மேலும் காத்திராமல் வாருங்கள்:

விழுங்கும்போது தடை அல்லது வலி, எத்தனை நாளாக இருந்தாலும். முயலாமலே எடை குறைதல். இரத்த வாந்தி, தார்போன்ற மலம். இவ்விரண்டுக்கும் அன்றே வர வேண்டும். மலத்தில் இரத்தம். மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மலப்பழக்க மாற்றம். காரணம் தெரியாத இரத்தச்சோகை. ஐம்பது வயதுக்குப்பின் புதிதாகத் தொடங்கிய அஜீரணம். வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி.

வருவோரில் பெரும்பாலோரிடம் புற்று இல்லை என்று சொல்லி அனுப்புவதே எங்கள் வழக்கமான அனுபவம். அவர்கள் வீணாக வந்ததாக நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. வரும்போது இப்போது உண்ணும் மாத்திரைகளையும் பழைய அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். இயன்றால், வீட்டில் உங்களுக்குச் சோறு பரிமாறுபவரையும் உடன் அழைத்துவாருங்கள். எங்கள் கேள்விகள் பலவற்றுக்கு அவரிடமே சரியான விடை இருக்கும்.